பாலாற்றங்கரை நிலங்களில் தங்கிய குரோமியமும் உப்பும்

களைக்கொல்லி மருந்து மண்ணில் எத்தனை நாள் தங்கும் என்று அங்கத்தினர் பலர் வினவுவதுண்டு. அட்ரசின் போன்ற மருந்து மாதக்கணக்கில் தங்கக்கூடியதே. எனினும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதனைச் சிறிது சிறிதாகச் சிதைத்துவிடும். மக்கிய எரு அவ்வேலையை விரைவுபடுத்தும். ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதிகளில் நம் நிலங்களைப் பற்றியிருக்கும் நஞ்சு அவ்வகையினதன்று. குரோமியம் ஒரு தனிமம். எத்தனை ஆண்டு கழியினும் அது சிதையாது. உப்பும் அவ்வாறே மறையாது. இவற்றை ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்கு அகற்றலாம். அல்லது தீங்கு குறைந்த வடிவிற்கு மாற்றலாம். வேறு வழியில்லை.

முற்காலத்தில் இப்பகுதியில் ஆவாரம் பட்டை முதலியவற்றைக் கொண்டே தோல் பதனிட்டனர். 1970க்குப் பின் முழுதும் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்யும் கொள்கை வலுப்பெறவே, குரோமிய முறை பெருகியது. தொட்டியில் இடும் குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கையே தோல் ஏற்கிறது. எஞ்சியது கழிவுநீரோடு வெளியேறுகிறது. பச்சைத் தோல் அழுகாமலிருக்கச் சேர்த்த உப்போ மிகுதியும் நீரில்தான் கரைகிறது.

இதன் விளைவை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள், வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கின் தீர்ப்பில் எடுத்துரைத்தது. தோல் பதனிடும் வட்டாரத்தில் உத்தேசம் 35,000 எக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போயிற்று என்னும் கணக்கு அதில் காணப்படுகிறது. மாசு செய்தவரே நட்ட ஈடும், நிலத்தைச் சீர்படுத்தும் செலவும் ஏற்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் உயிர்நாடி. அதன்படி அமைந்த ஆணையம் 2001 மார்ச்சு மாதம் 29,193 பேருக்கு 26 கோடியே 82 லட்சம் ரூபாய் நட்ட ஈடு வகுத்தது. 2025 ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, வழங்கப்படாதிருந்த ஈட்டை வழங்குமாறும், நிலைமையைக் கண்காணிக்க ஒரு குழு அமைக்குமாறும் பணித்தது. இடையில் கழிந்தவை இருபத்தெட்டு ஆண்டுகள். ஒரு குடியானவன் தன் நிலத்தைத் தன் மகனிடம் ஒப்படைக்கும் காலம் அது.

இராணிப்பேட்டை நிலைமை இன்னும் கடினமானது. தமிழ்நாடு குரோமேட்ஸ் நிறுவனம் தோலுக்கு வேண்டிய குரோமிய உப்புகளைச் செய்து, 1990களில் மூடப்பட்டபோது, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவை அங்கேயே குவித்து விட்டுச் சென்றது. 2006இல் உலகின் மிகக் கெட்ட பத்து இடங்களுள் ஒன்றாக ஓர் அமெரிக்க நிறுவனம் இராணிப்பேட்டையைக் குறித்தது.

இங்கு ஒரு வேறுபாட்டை அங்கத்தினர் அறிய வேண்டும். தோல் தொட்டிக் கழிவில் இருப்பது பெரும்பாலும் மூவிணைதிறக் குரோமியம். அது மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். எளிதில் கரைந்து ஓடாது. இராணிப்பேட்டைக் குவியலில் உள்ள அறுவிணைதிறக் குரோமியமோ மஞ்சள் நிறமாய் நீரில் கரைந்து, மழையோடு நிலத்தடிக்கு இறங்கும். புற்றுநோயை விளைவிக்கவும் வல்லது. ஆகவே சீர்திருத்தம் என்பது இரண்டாவதை முதலாவதாக மாற்றுவதே.

இம்மாற்றத்தைச் செய்யும் பொருள்களுள் ஒன்று நமக்குப் புதிதன்று. அன்னபேதியே அது! சாயம் பிடிக்க நெசவாளரும், இரும்புச்சத்துக் குறைந்த பயிருக்கு உழவரும் பயன்படுத்துவது. அன்னபேதியிலுள்ள இரும்பு, மூன்று அணுவுக்கு ஓரணுவாகக் குரோமியத்தை மாற்றுகிறது. பின் சுண்ணாம்பு சேர்த்தால் அது வண்டலாய்ப் படியும். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகை நிலத்தடியில் செலுத்தினால் நுண்ணுயிர்கள் பெருகி அதே வேலையைச் செய்யும். அமெரிக்காவில் எலிசபெத் நகரில் 1996இல் ஏறக்குறைய 150 அடி நீளமும் 24 அடி ஆழமும் 2 அடி அகலமுமாக இரும்புத் துகளால் ஒரு சுவரை நிலத்துள் எழுப்பினர். ஊற்று நீர் அதனூடே செல்கையில் குரோமியம் அடங்குகிறது. இதைப் படித்துவிட்டு எவரும் தம் கிணற்றில் அன்னபேதியைக் கொட்டவேண்டா. நீர் புளித்துக் கெடும். அளவறிந்த வல்லுநர் செய்ய வேண்டிய காரியம் இது.

உப்புக்கு இத்தகைய மாற்று எதுவும் கிடையாது. ஜிப்சம் இட்டால் மண்ணைப் பிடித்த சோடியம் விடுபடும் என்பது உண்மை. ஆனால் விடுபட்டதைக் கழுவி வெளியேற்ற நன்னீர் வேண்டும். கிணற்று நீரே உவர்த்த ஊரில் நன்னீருக்கு எங்கே போவது? கழுவிய உப்பும் அடுத்தவர் கிணற்றுக்கே இறங்கும். மழைநீரை வரப்புயர்த்தித் தேக்குவதும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும் ஓரளவு உதவும். தென்னை சற்றுத் தாங்கும். நெல்லும் வாழையும் அவ்வளவு தாங்கா.

ஆதலின் உப்பைத் தொழிற்சாலை முற்றத்திலேயே பிடிப்பதுதான் மலிவான வழி என்பது என் துணிபு. நனைக்குமுன் தோலை உதறினால் உப்பில் ஒரு பகுதி உலர்ந்தபடியே கிடைக்கும். குரோமிய நீரைத் தனித் தொட்டியில் நிறுத்தி மக்னீசியம் ஆக்சைடு சேர்த்து வண்டலாக்கி, கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி பயன்படுத்தலாம். பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இன்று நீரை மீட்டு உப்பைத் திடமாகப் பிரிக்கின்றன. அத்திட உப்பை எங்கே வைப்பது என்னும் கேள்வி எஞ்சுகிறது. கழிவைத் தேக்கிவைத்தலின் ஆபத்தை 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் கண்டோம். சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து தொழிலாளர் பத்துப் பேர் மாண்டனர்.

பிறரைச் சொல்லும்போது நம்மையும் நோக்க வேண்டும். குடியாத்தம் போன்ற நெசவூர்களில் சாயத் தொட்டி நீரும் உப்பு நீரே. அதைத் தெருவாய்க்காலில் திறந்துவிட்டுக்கொண்டு தோல் தொழிலை மட்டும் குறைகூறுவது முறையன்று.

சங்கங்கள் உடனே செய்யக்கூடியன சில உள. கிணறு ஆழப்படுத்தக் கடன் மனு வரும்போது நீர்ப் பரிசோதனை அறிக்கையையும் கேட்க வேண்டும். உவர்நீருக்குக் கடன்பட்டு உழவர் திண்டாடுவதைத் தணிக்கை ஏடுகளில் காண்கிறோம். தோல் சீவலை அடுப்பெரிக்கக் கூடாது. எரிக்கும்போது தீங்கற்ற குரோமியம் தீங்குள்ளதாக மாறக்கூடும். சுத்திகரிப்புச் சேற்றை எருவென்று வாங்குதலும் ஆகாது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது இந்தியத் தரம். நாவால் அறியக்கூடிய அளவன்று இது.

மாதிரி எடுப்போர் பம்பைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதே நீரால் மும்முறை அலசிய சுத்தமான பாட்டிலில் பிடித்து, சர்வே எண்ணும் தேதியும் எழுதி ஒட்டவும். கோடையில் ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒருமுறையும் எடுத்து, அறிக்கைகளை அடங்கல் நகலோடு சேர்த்துச் சங்க அலுவலகத்தில் ஒரு பிரதி வைத்தல் நலம். ஈடு கோரும் மனுவுக்கு அவை வேண்டியிருக்கும்.