பொழுது சாய்ந்தும் வாசல் லைட் எரியலையா? பல்பை மாற்றும் முன் இதைப் பாருங்க!

திருப்பூர் பக்கம் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர்கள் வீடு திரும்ப இரவு எட்டரைக்கு மேல் ஆகிவிடும். அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனியில் இருக்க, வீட்டில் பாட்டியும் பள்ளி விட்டு வந்த பிள்ளைகளும் மட்டும்தான். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வாசல் லைட்டும் மாடிப்படி லைட்டும் தானாக எரிந்தால் எவ்வளவு நிம்மதி! அதற்காகவே பலரும் ஸ்மார்ட் ஸ்விட்ச் வாங்கி, 'சூரியன் மறைந்ததும் ஆன்' என்று மொபைலில் செட் செய்துவிடுகிறார்கள்.

நான்கு நாள் சரியாக எரியும். ஐந்தாம் நாள் எரியாது. அல்லது இருட்டி வெகுநேரம் கழித்து எரியும். இருட்டில் படி இறங்கும் பாட்டிக்கு அந்த ஒரு நாள் போதாதா?

வானத்தைப் பார்ப்பதில்லை

அலெக்சா, கூகுள் ஹோம், ஸ்மார்ட் லைஃப், ஹோம் அசிஸ்டன்ட் என எதுவானாலும், 'சன்செட்' என்று செட் செய்தால் அது வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை. பஞ்சாங்கம் போல, கணக்குத்தான். உங்கள் வீடு எங்கே இருக்கிறது, இப்போது மணி என்ன என்ற இரண்டை வைத்து, சூரியன் மறையும் நிமிடம் முடிவாகிறது. அந்த நிமிடத்தில் கருவி விழித்திருக்கவும் வேண்டும். கோளாறு பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான்.

1. வீடு எங்கே இருக்கிறது?

திருப்பூரில் நவம்பர் பிற்பாதியில் மாலை 6 மணிக்குச் சில நிமிடங்கள் முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூலை தொடக்கத்தில் 6.45-ஐத் தாண்டிவிடும். சென்னையில் இதைவிட சுமார் 8 முதல் 15 நிமிடம் முன்னதாகவே மறையும். எனவே ஆப்பில் ஊர் 'சென்னை' என்று இருந்தால், இங்கே வெயில் இருக்கும்போதே லைட் எரியும்.

ஹோம் அசிஸ்டன்ட் வைத்திருப்பவர்கள் 'செட்டிங்ஸ்' உள்ளே 'சிஸ்டம்', 'ஜெனரல்' போய்ப் பாருங்கள். முதல்முறை நிறுவும்போது வரைபடத்தில் வீட்டைக் குறிக்காமல் தாண்டிவிட்டால், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமிலேயே வீடு நின்றுவிடலாம். அப்படியானால் டிசம்பரில் நம்மூர் நேரம் இரவு 9 மணியை ஒட்டித்தான் லைட் எரியும். ஜூனில் நள்ளிரவு ஒன்றரை மணிக்கு!

திருப்பூருக்கு அட்சரேகை சுமார் 11.1, தீர்க்கரேகை சுமார் 77.3. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் வீடு ஆர்க்டிக் பக்கம் போய்விடும், கவனம்.

2. மணி சரியா?

நேர மண்டலத்தில் 'ஆசியா/கொல்கத்தா' என்று இருந்தால் பதற வேண்டாம், அதுதான் சரி. இந்தியா முழுவதற்கும் அதே பெயர்தான். ஊர் என்ற இடத்தில் மட்டும் கொல்கத்தா இருக்கக் கூடாது. அங்கே டிசம்பரில் மாலை 5 மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும்.

ராஸ்பெர்ரி பையில் ஹோம் அசிஸ்டன்ட் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு விஷயம். அதன் பழைய மாடல்களில் சொந்தக் கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய் வந்தால், இன்டர்நெட் கிடைத்த பிறகுதான் சரியான மணி அதற்குத் தெரியும்.

3. அந்த நிமிடம் விழித்திருந்ததா?

பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். சன்செட் என்பது ஒரே ஒரு நொடி. 6.20-க்குச் சூரியன் மறைகிறது, 6.10-க்குப் போன கரன்ட் 6.40-க்கு வருகிறது என்று வையுங்கள். அந்த நொடி போயே போச்சு. கருவி விழித்ததும் பழைய வேலையைத் தேடிச் செய்யாது. மறுநாள் சன்செட்டுக்குக் காத்திருக்கும்.

இதற்கு வழி உண்டு. ஹோம் அசிஸ்டன்டில் அதே ஆட்டோமேஷனுக்கு, 'ஸ்டார்ட் ஆகும்போது' என்று இரண்டாவது டிரிகர் சேருங்கள். லைட் போடும் முன், 'சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருக்கிறதா?' என்று பார்க்கச் சொல்லுங்கள். மற்ற ஆப்களில், இரவு 7 மணிக்கு லைட் ஆன் என்று தனியாக ஒரு ஷெட்யூல் போட்டு வைக்கலாம். ஏற்கெனவே எரியும் லைட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. வைஃபை ரூட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்னை தீரும்.

நள்ளிரவுக்கு மேல் ஏமாற்றும் நிபந்தனை

நிட்டிங் யூனிட்டில் வேலை முடித்து ஒரு மணிக்கு வருபவருக்காக, ஆள் வந்தால் எரியும் படி லைட் வைத்திருப்பீர்கள். 12 மணி வரை எரியும், அதற்கு மேல் எரியாது. காரணம், ஹோம் அசிஸ்டன்டில் 'சன்செட்டுக்குப் பின்' என்ற நிபந்தனை நள்ளிரவோடு முடிந்துவிடும். 12 மணி தாண்டினால் புது நாள். அந்த நாளின் சன்செட் இன்னும் வரவில்லையே! அதற்குப் பதில் 'சூரியன் அடிவானத்துக்குக் கீழே' என்ற நிலையை நிபந்தனையாக வைத்தால் விடியும் வரை செல்லும்.

முன்னதாகவே எரிய வேண்டுமா?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஐந்தரைக்கே இருட்டிவிடும். கணக்குக்கு மேகம் தெரியாது. 'ஆஃப்செட்' என்ற இடத்தில் அரை மணி நேரம் மைனஸ் போட்டால் சன்செட்டுக்கு அரை மணி முன்பே எரியும். மைனஸ் விட்டுப்போனால் அரை மணி பின்னால் எரியும். மழை நாளுக்கென்றே சரியாக வேண்டுமானால், வெளிச்சத்தை அளக்கும் லைட் சென்சார் வாங்குவதே நல்லது.

கடைசியாக ஒன்று. ஆட்டோமேஷனில் 'ரன்' பட்டனை அழுத்தி லைட் எரிந்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். அது லைட்டை மட்டும்தான் சோதிக்கிறது, சூரியக் கணக்கை அல்ல. ஆப் காட்டும் இன்றைய சன்செட் நேரத்தை, கூகுளில் திருப்பூருக்குக் காட்டும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஓரிரு நிமிடத்துக்குள் ஒத்துப்போனால் ஊரும் நேர மண்டலமும் சரி. பிறகு கவனிக்க வேண்டியது கரன்டையும் வைஃபையையும்தான்!