குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம்

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் டிஎஸ்எச் 12 என்று இருக்கிறது. அதன் மேல்வரம்பு 4 அல்லது 5. “தைராய்டு கூடிப்போச்சாம்” என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். நடந்திருப்பது பெரும்பாலும் நேர்மாறானது. டிஎஸ்எச் தைராய்டில் சுரப்பதில்லை. மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டைச் சுரக்கச் சொல்லி அனுப்பும் ஹார்மோன் அது. கழுத்தின் முன்புறம் இருக்கும் தைராய்டு தளர்ந்து தன் ஹார்மோனான தைராக்ஸினைப் போதிய அளவு சுரக்காதபோது, பிட்யூட்டரி மேலும் மேலும் ஏவுகிறது, எண் ஏறுகிறது. மாத்திரை மூலம் தைராக்ஸின் கிடைத்துவிட்டால் ஏவல் குறைகிறது, எண்ணும் இறங்குகிறது.

உமிழ்நீர் வாய்க்கு வரக் குழாய் உண்டு. தைராய்டு, பிட்யூட்டரி போன்ற நாளமில்லாச் சுரப்பிகளுக்கு அது இல்லை. சுரப்பதை நேரே ரத்தத்தில் கலந்துவிடுகின்றன. ரத்தம் எல்லா இடத்துக்கும் போனாலும், அந்த ஹார்மோனுக்கான ஏற்பி உள்ள செல்கள் மட்டுமே அதற்கு இணங்குகின்றன. சுரப்பு ரத்தத்தில் கலந்து வேலை செய்வதைத்தான் 1902-ல் லண்டனில் உடலியலாளர்கள் பேலிஸும் ஸ்டார்லிங்கும் கண்டார்கள். நாயின் குடல் துண்டு ஒன்றுக்குப் போகும் நரம்புகளை அறுத்த பிறகும், அதில் அமிலம் பட்டதும் கணையம் சுரந்தது. செய்தி ரத்தம் வழியாகப் போயிருந்தது. அட்ரீனல் சுரப்பியின் புறப்பகுதியும் சூலகமும் விந்தகமும் தைராய்டைப் போலவே பிட்யூட்டரியின் சொல் கேட்பவை. இன்சுலின் சுரக்கும் கணையத் திட்டுகள் சர்க்கரையையும், பாராதைராய்டுகள் கால்சியத்தையும் தாமே உணர்ந்து சுரக்கின்றன.

இவற்றில் தைராய்டைப் பற்றி மட்டும் இங்கே விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. மற்ற கோளாறுகள் பல, தாமதமாகத் தெரிந்தாலும் ஓரளவு சமாளிக்கக்கூடியவை. பிறந்த குழந்தைக்குத் தைராக்ஸின் இல்லாமல் போனால், மூளை வளர வேண்டிய மாதங்கள் திரும்ப வருவதில்லை.

சில குழந்தைகள் தைராய்டே இல்லாமலோ, இடம் மாறிய சிறு தைராய்டுடனோ பிறக்கின்றன. சிலருக்குச் சுரப்பி இருக்கும், ஹார்மோன் உருவாகாது. கருவில் இருந்தவரை தாயின் தைராக்ஸின் ஓரளவு காத்திருக்கும். அதனால் பிறக்கும்போது பெரும்பாலானவை நல்ல எடையோடு, குறை ஏதும் தெரியாமல் இருக்கும். நாள்பட்ட மஞ்சள் காமாலை, மலச்சிக்கல், கரகரப்பான அழுகை, புடைத்த தொப்புள் என்று அறிகுறிகள் பிறகு ஒவ்வொன்றாக வரும். “சமத்துக் குழந்தை, அழவே அழாது, தூங்கிக்கிட்டே இருக்கு” என்று பாட்டி மகிழ்வதும் சில வீடுகளில் இந்த நோயைக் கண்டுதான். இந்தியாவில் சுமார் ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறது. அறிகுறிக்குக் காத்திருப்பது தவறு. எல்லாக் குழந்தைக்கும் பரிசோதனை செய்துவிட வேண்டும்.

வழி 1970-களிலேயே கிடைத்துவிட்டது. கனடாவின் கியூபெக்கில் ஜான் டுசோ, குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தைத் தாளில் உலர்த்தி ஹார்மோனை அளந்து காட்டினார். பிறந்த உடனே டிஎஸ்எச் இயல்பாகவே எகிறும் என்பதால் 48 மணி நேரத்துக்குப் பிறகு எடுப்பது நல்லது. தொப்புள்கொடி ரத்தத்திலும் பார்க்கலாம். நம் நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் இது இன்னும் செய்யப்படுவதில்லை என்பது வேதனைக்குரியது. இந்தக் குறைக்கான மருந்து விலை உயர்ந்ததோ புதியதோ அல்ல. 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் முர்ரே, தைராய்டு செயலிழந்த ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்தப் பெண் அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார்.

தாயின் பங்கு கருவிலேயே தொடங்குகிறது. சிசுவின் தைராய்டு வேலை தொடங்கச் சுமார் 12 வாரங்கள் ஆகும். அதுவரை முழுக்கத் தாயின் ஹார்மோன்தான். தைராக்ஸினின் ஒரு மூலக்கூறில் நான்கு அயோடின் அணுக்கள் இருக்கின்றன. அயோடினை உடலால் உண்டாக்க முடியாது. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் தேவை. 1950-களில் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தாலே, அயோடின் குறைவால் வரும் முன்கழுத்துக் கழலை குறைவதைக் காட்டியது. அயோடின் சேர்த்த உப்பை ஈரமும் வெயிலும் படாமல் மூடி வைப்பது அவசியம்.

பிரசவ வார்டிலிருந்து வீடு திரும்பும் முன் பெற்றோர் கேட்க வேண்டியவை இரண்டு: குழந்தைக்கு டிஎஸ்எச் எடுத்தார்களா, முடிவு என்ன? முடிவை வாங்காமல் விடுவது, எடுக்காததற்குச் சமம். குறை இருந்தால் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கிவிட வேண்டும். மாத்திரையைப் பொடித்துக் கொஞ்சம் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்து, உடனே கரண்டியால் புகட்டலாம். பால் புட்டியில் கலக்கக் கூடாது; குழந்தை மிச்சம் வைத்தால் மருந்தும் மிஞ்சிவிடும். இரும்பு, கால்சியம் மருந்துகளைச் சில மணி நேரம் தள்ளியே கொடுக்க வேண்டும். சிலருக்கு இந்தக் குறை தற்காலிகமானது. தேவைப்பட்டால் மூன்று வயதுக்குப் பிறகு மருத்துவர் மருந்தை நிறுத்திச் சோதிப்பார். அதுவரை, குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது.