கேட்டுக்குள் வளரும் பிள்ளைகள்

நைரோபிக்கு மாற்றலாகிப் போகிறவரிடம் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது வெயிலைப் பற்றித்தான். அந்த ஊரோ ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஏற்காட்டைவிட உயரம். பல வீடுகளில் ஃபேன் கிடையாது. ஜூலையில் பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். பார்க்லேண்ட்ஸ் பக்கம் போனால் கறிவேப்பிலை, பாகற்காய், மசாலாப் பொடி எல்லாம் கிடைக்கும். காய்கறி விற்கும் அம்மாவும் செல்போனிலேயே காசு வாங்கிக்கொள்வார். நம் யு.பி.ஐ. வருவதற்கு ஒன்பது வருடம் முன்பே, 2007-இல், அங்கே எம்-பெசா வந்துவிட்டது. இந்தியர்களைக் கண்டு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ரயில் பாதை போட வந்தவர்களின் காலத்திலிருந்து இருக்கிறார்கள். 2017-இல் கென்ய ஆசியர்களை நாட்டின் 44-வது இனக்குழுவாக அரசே அறிவித்தது.

சம்பளத்தைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். டாலரில் தொகையைக் கேட்டதுமே இங்கே வீட்டுக்கடனை அடைத்து முடித்துவிடுகிறோம். அங்கே வருமான வரியின் உச்ச விகிதம் 35 சதவீதம். சர்வதேசப் பள்ளிக் கட்டணத்தைக் கம்பெனி ஏற்காவிட்டால் மிச்சம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இருக்காது. மனைவி போவது டிபென்டன்ட் பாஸில். அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது, தனியாக வொர்க் பெர்மிட் வாங்க வேண்டும். நல்ல வேலையை ராஜினாமா செய்துவிட்டுப் போகும் பெண்களின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது.

இந்தக் கட்டுரையின் கவலை பிள்ளைகள்.

வெளிநாட்டுக் குடும்பத்துக்கு அங்கே வீடு என்றால் காம்பவுண்டு. உயரமான சுவர், அதன் மேல் மின்வேலி, பெரிய இரும்பு கேட், கேட்டில் அஸ்காரி. வாட்ச்மேனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். உள்ளே போனால் ஆபத்துக்கு அழுத்த ஒரு பட்டன். அழுத்தினால் தனியார் பாதுகாப்பு வண்டி வரும். பல வீடுகளில் படுக்கையறைப் பக்கம் போகும் வழியில் இன்னொரு இரும்புக் கிரில் கதவு உண்டு. ராத்திரி அதையும் பூட்டிக்கொண்டுதான் தூக்கம். 2013-இல் வெஸ்ட்கேட் மாலில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு சோதனைகள் இன்னும் இறுகின. மாலுக்குப் போனால் கார் டிக்கி, கைப்பை எல்லாம் திறந்து காட்ட வேண்டும்.

பயம் காரணமில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கான விலையைப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். காம்பவுண்டிலிருந்து கார், காரிலிருந்து பள்ளி கேட், அங்கிருந்து திரும்பவும் கார். மட்டாட்டு எனப்படும் ஷேர் வேனில் ஏறியதில்லை. கால் கிலோ தக்காளி வாங்கத் தனியாகப் போனதில்லை. இத்தனைக்கும் அது நடக்கிறவர்களின் நகரம். விடிகாலையில் சாலையோரம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு நடந்து போய்க்கொண்டிருப்பார்கள். நம் பிள்ளைகள் அவர்களைக் கார் கண்ணாடி வழியாகப் பார்த்து வளர்கிறார்கள்.

அதைவிட எனக்கு உறுத்தும் ஒன்று உண்டு. வாடகை விளம்பரங்களில் டி.எஸ்.க்யூ. என்று போட்டிருக்கும், வேலையாட்கள் தங்கும் அறை. அங்கே இருக்கும் பெண் காலை ஐந்தரைக்கு எழுந்து நம் பிள்ளைக்கு டிபன் கட்டுகிறார். இப்படி வேலைக்கு வரும் பலர் தங்கள் பிள்ளைகளைக் கிராமத்தில் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தவர்கள். தோட்டத்துக்கு ஒருவர், காருக்கு ஒருவர், கேட்டுக்கு ஒருவர். எட்டு வயதுப் பையன் சாப்பிட்ட தட்டை எடுப்பதில்லை. ஷூவைக் கழற்றி நடுக்கூடத்தில் போடுகிறான். ஸ்வாஹிலியில் அவனுக்குத் தெரிந்தது ஏவுவதற்குத் தேவையான அளவு மட்டும். அம்மா அதட்டினால், ‘ஆன்ட்டி எடுப்பாங்கம்மா’ என்கிறான். இங்கே வேளச்சேரிக்குத் திரும்பிய பிறகு ‘கடைக்குப் போய்த் தயிர் வாங்கிட்டு வாடா’ என்றால், பாவம், விழிக்கிறான்.

பிள்ளைகள் விஷயத்தில் சொல்லாமல் விடக்கூடாத இன்னொன்று தண்ணீர். மாநகரக் குழாயில் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும் என்பதால் பல காம்பவுண்டுகளில் போர்வெல் போட்டிருக்கிறார்கள். நைரோபியில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அது பல்லை என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. குடிக்கக் கேன் தண்ணீர்தான். சமையலுக்கும் அதையே பயன்படுத்துவது நல்லது.

பிள்ளைகளுக்கு இந்த வெளிநாட்டு வாழ்க்கையால் உலகம் விரிகிறது, பல நாட்டு நண்பர்கள் கிடைக்கிறார்கள், நகரத்தை ஒட்டிய தேசியப் பூங்காவில் சிங்கத்தையே பார்த்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிட வரலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும்.

பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே நடக்க இடமே இல்லையா என்றால், இருக்கிறது. நகரத்தின் வடக்கே கரூரா காடு. ஏறக்குறைய 1,000 ஹெக்டேர். 1990-களின் இறுதியில் அதைக் கட்டடங்களுக்குத் தாரைவார்க்கப் பார்த்தபோது சுற்றுச்சூழல் போராளி வங்காரி மாத்தாயும் தோழர்களும் அடி வாங்கிக்கொண்டு காப்பாற்றிய காடு. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனால் பிள்ளைகளை முன்னால் ஓடவிட்டுவிட்டு நாம் பின்னால் போகலாம். வீடு பார்க்கும்போது மால் எவ்வளவு தூரம் என்று கேட்கிறவர்கள் இந்தக் காடு எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அப்பாவுக்குச் சனிக்கிழமையும் ஆபீஸ். கூட்டிக்கொண்டு போக யார்?

தாத்தா, பாட்டிதான் சரியான ஆள். தட்டை எடுத்து வை என்று அதட்டவும் அவர்களால்தான் முடியும். ஆஃபர் லெட்டரில் வருடாந்திர விமான டிக்கெட் என்று ஒரு வரி இருக்கும். அதில் பெற்றோரையும் சேர்க்க முடியுமா என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டு வாங்கினாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கென்யாவிலிருந்து இந்தியா திரும்புகிறவரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஊசியில் பக்கவிளைவு அபாயம் கூடுதல் என்பதால் டாக்டர்கள் யோசித்துத்தான் போடச் சொல்வார்கள். ‘ரிடையர் ஆனதும் வர்றேன்’ என்று அப்பா சொன்னால், டாக்டரிடம் கேட்டு ஊசியையாவது முன்கூட்டியே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். 2016-இலிருந்து அந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும்.