துறுதுறுப்பான பிள்ளையும் சொத்தைப் பல்லும்

ஆட்டையாம்பட்டி என்றதும் கைமுறுக்கே நம் நினைவுக்கு வரும். இனிப்பு மட்டுமே பல்லைக் கெடுக்கும் என்று எண்ணுகிறோம்; பல்லிடுக்கில் அப்பிக்கொள்ளும் முறுக்கு மாவும் கிருமிகளால் அமிலமாகிப் பல்லை அரிக்கிறது.

ஓரிடத்தில் அமராத, சொன்னதை உடனே மறக்கும் பிள்ளைகள் சிலருக்கு இத்தீங்கு மிகுதி. கவனக் குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த இத்தன்மையை லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் 1902ஆம் ஆண்டிலேயே விவரித்தார். இது மூளை வளர்ச்சியைச் சார்ந்தது. தாய் சரியாக வளர்க்கவில்லை என்று உறவினர் பேசுவது பெரும் அநியாயம்.

இப்பிள்ளை பல் துலக்கத் தொடங்குவான். அதற்குள் வாசலில் ஏதோ சத்தம். பிரஷ் ஒரு புறம், அவன் ஒரு புறம். அடிக்கடி தின்பான். ஓடி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொள்வான். சிலர் உறக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பதுமுண்டு. இதற்கெனத் தரப்படும் மீதைல்ஃபெனிடேட் போன்ற மருந்துகள் வாயை உலர்த்தக்கூடும். உமிழ்நீர் குறைந்தால் பல்லுக்குக் காவல் குறையும். அதற்காக மருந்தை நாமாக நிறுத்திவிடலாகாது.

அடித்துத் துலக்கவைப்பதில் பயனில்லை. இரவில் இரண்டு நிமிடம் அருகில் நின்று நாமும் துலக்கினால் அவனும் துலக்குவான். முறுக்குத் தின்றபின் வாய் கொப்பளிக்கப் பழக்கலாம். பல் மருத்துவரிடம் பிள்ளையின் குறைபாட்டையும், உட்கொள்ளும் மருந்தையும் கூச்சமின்றிச் சொல்லவேண்டும். கூட்டமில்லாத வேளையைக் கேட்டுப் பெறுவது நல்லது.

விழுந்து முளைத்த முன்பல் வேரோடு பெயர்ந்துவிட்டாலோ, வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் இட்டு, ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சேர்த்தால் மீண்டும் பொருத்த வாய்ப்புண்டு. பக்கத்து அரியானூரில் பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.