கண்ணாடியைத் துடைக்கும் முன் தண்ணீரில் காட்டுங்கள்

நம்மில் பலருடைய மூக்குக் கண்ணாடி ஒருமுறைகூடக் கீழே விழாமலேயே கெட்டுப்போகிறது. காரணம், நாம் அதைத் துடைக்கும் முறை. ஒளு செய்யக் கழற்றி வைத்ததைச் சட்டை நுனியில் தேய்த்து மாட்டிக்கொள்கிறோம். அடுப்படியில் ஆவி படிந்தால் துப்பட்டா முனையில் துடைக்கிறோம். சில மாதங்களில் லென்ஸ் முழுக்க மெல்லிய கோடுகள் விழுந்துவிடும். இரவில் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் சிதறித் தெரியும். ‘பவர் ஏறிவிட்டது போல’ என்று நினைத்துக்கொள்வோம்.

இன்று விற்கும் மூக்குக் கண்ணாடிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது பிளாஸ்டிக் லென்ஸ்தான். 1940-களில் உருவான சி.ஆர்.-39 என்ற பிளாஸ்டிக் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. எடை, பழைய கண்ணாடி லென்ஸில் ஏறக்குறைய பாதி. விழுந்தாலும் எளிதில் உடையாது. ஆனால் கீறல் சீக்கிரம் விழும். தெருப் புழுதியில் உள்ள நுண்மணல் இந்தப் பிளாஸ்டிக்கைவிடக் கடினமானது. காய்ந்த துணியால் தேய்க்கும்போது, துணி எவ்வளவு மெத்தென்று இருந்தாலும், அந்த மணல் உப்புத்தாள் போல லென்ஸை அராவுகிறது.

எனவே முதலில் தண்ணீர். ஒளு செய்யும் இடத்திலேயே குழாய் இருக்கிறது. இரண்டு கை தண்ணீர் போதும், புழுதி ஓடிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், வீட்டில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு விட்டு, விரல் நுனியால் இரு பக்கமும் தடவுங்கள். மூக்கில் பதியும் சிறு பட்டைகளையும் விடாதீர்கள். வியர்வையும் அழுக்கும் சேர்ந்து பச்சை பிடிப்பது அங்கேதான். அலசி, உதறி, கடையில் கொடுத்த துணியாலோ துவைத்த பழைய பருத்தித் துணியாலோ ஒற்றி எடுங்கள். அந்தத் துணியையும் அவ்வப்போது துவைக்க வேண்டும்; கைப்பையின் அடியில் மாதக்கணக்கில் கிடந்த துணியிலும் மணல் இருக்கும்.

வெந்நீர் ஆகாது. லென்ஸின் மேல்பூச்சு சூட்டில் வெடிப்பு விடும். அடுப்பு மேடையிலும், வெயிலில் நிற்கும் காரின் முன்பலகையிலும் வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். பற்பசை தேய்த்தால் கீறல் போகும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். பற்பசையிலும் தேய்க்கும் பொடி உண்டு. இருக்கிற பூச்சும் போய்விடும்.

கழற்றும்போது இரண்டு கைகளாலும் கழற்றுங்கள். ஒரு கையால் இழுத்து இழுத்து ஒரு பக்கம் விரிந்துவிட்டால் பிரேம் சாய்கிறது. லென்ஸின் மையம் கண்ணுக்கு நேராக நிற்பதில்லை. பவர் அதிகமுள்ளவர்களுக்கு இதனாலேயே கண் சோர்வும் தலைவலியும் வரலாம். சுஜூதில் கண்ணாடி நழுவுகிறது என்றால் பிரேம் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடிக் கடையில் சில நிமிடங்களில் சரிசெய்து விடுவார்கள். பல கடைகளில் காசும் கேட்பதில்லை. நூல் கட்டிச் சமாளிக்க வேண்டியதில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். கண்ணாடியில் கீறல் விழுந்ததைத் திட்டுக்குப் பயந்து மறைக்கும் பிள்ளை, கரும்பலகை தெரியாமலே வகுப்பில் உட்கார்ந்திருக்கும். வாரம் ஒருமுறை நீங்களே வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

வீட்டிலுள்ள பெரியவர்களையும் கவனியுங்கள். வாப்பாவோ உம்மாவோ அடிக்கடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, ‘எவ்வளவு துடைத்தாலும் மங்கலாவே இருக்கு’ என்றால், அதை வாங்கிக் கழுவிப் பாருங்கள். லென்ஸ் தெளிவாக இருந்தும் அவர்களுக்கு மங்கலாகவே தெரிந்தால், கோளாறு கண்ணில் இருக்கலாம். வயதானவர்களுக்கு அது பெரும்பாலும் கண்புரை. அறுவை செய்தால் பார்வை திரும்பும். சர்க்கரை உள்ளவர்களுக்கு விழித்திரை பாதிப்பாகவும் இருக்கலாம்; அதில் தாமதம் கூடாது. புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுப்பதற்கு முன் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.