பன்றிக் காய்ச்சல் பதிவேட்டில் ஒரு பத்தி குறைகிறது

2014-இல் இந்தியா முழுவதும் பன்றிக் காய்ச்சல் (ஹெச்1என்1) என்று ஆய்வகம் உறுதிசெய்தது 937 பேருக்கு. இறந்தவர்கள் 218. நூற்றுக்கு 23 பேர். மறு ஆண்டு நோயாளிகள் 42,592, இறப்பு 2,990. விகிதம் நூற்றுக்கு 7 ஆகிவிட்டது. 2024-இல் 20,414 பேர், இறப்பு 347. நூற்றுக்கு இரண்டுகூட இல்லை.

பத்தாண்டில் அந்த வைரஸ் இவ்வளவு சாதுவாகிவிட்டதா? பதில் சொல்லுமுன் இன்னும் பழைய கணக்கு ஒன்றைப் பார்த்துவிடலாம். 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பலோடு ‘ஆசியக் காய்ச்சல்’ என்ற இன்னொரு ஃப்ளூ இந்தியாவுக்குள் இறங்கியது. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இயங்கிய இன்ஃப்ளூயன்ஸா மையம்தான் அன்று நாட்டுக்கே கண்காணிப்புக் கூடம். மே 19 முதல் மறு ஆண்டு பிப்ரவரி வரை பதிவான நோயாளிகள் 44 லட்சத்து 51 ஆயிரத்துக்கும் மேல், இறப்பு 1,098. அதாவது 4,054 பேருக்கு ஒரு சாவு.

100-க்கு 23, 4,054-க்கு 1. இந்த இரண்டுக்கும் நடுவே மாறியது வைரஸின் குணம் மட்டுமல்ல; வகுக்கும் எண்ணும் மாறிவிட்டது. 1957-இல் காய்ச்சலும் இருமலுமாக வந்தவரையெல்லாம் பட்டியலில் சேர்த்தார்கள். 2014-இல் மூச்சுத் திணறி மருத்துவமனையில் படுத்தவருக்குத்தான் பெரும்பாலும் பரிசோதனை. வாசலில் நின்றவர்கள் வகுக்கும் எண்ணில் வரவே இல்லை. ஆகவே ‘பன்றிக் காய்ச்சலில் இத்தனை சதவீதம் சாவு’ என்ற செய்தித் தலைப்பைப் பார்த்தால், எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்று கேட்காமல் நகரக் கூடாது.

2017 முதல் 2023 வரையிலான தேசியக் கணக்கு இது:

2017: நோயாளிகள் 38,811, இறப்பு 2,270
2018: 15,266, 1,128
2019: 28,798, 1,218
2020: 2,752, 44
2021: 778, 12
2022: 13,202, 410
2023: 8,125, 129

2021-இன் 778-ஐப் பார்த்து மகிழ ஒன்றுமில்லை. முகக்கவசமும் ஊரடங்கும் ஃப்ளூவைக் குறைத்தது உண்மை. ஆனால் அந்த ஆண்டு ஆய்வகங்கள் கொரோனா மாதிரிகளில் மூழ்கிக் கிடந்ததும் உண்மை.

இந்தப் பட்டியலில் ஒரு பத்தி குறைகிறது. எத்தனை வைரஸ்களின் மரபணுவை முழுதாக வாசித்தோம் என்ற பத்தி. 2015 மார்ச்சில் இதை வைத்தே ஒரு சண்டை வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ராம் சசிசேகரனும் சக ஆய்வாளரும், 2014-இல் இந்தியாவில் கிடைத்த வைரஸ் ஒன்றில் நோயைக் கடுமையாக்கக்கூடிய மாற்றங்கள் இருப்பதாக எழுதினார்கள். புனே தேசிய வைராலஜி நிறுவனமும் அரசும் மறுத்தன. 2009-இல் வந்த வைரஸுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றன. மறுப்பில் நியாயம் உண்டு. ஒரு மாதிரியை வைத்து ஒரு நாட்டை எடைபோட முடியாது. ஆனால் அந்த ஆய்வாளர்கள் சொன்ன இன்னொன்று இன்றும் உறுத்துகிறது: முந்தைய இரண்டு ஆண்டுகளில் பொதுத் தரவுத்தளங்களில் இந்தியாவிலிருந்து சேர்ந்த வைரஸ் இரண்டே இரண்டு. 2013-இல் 5,253 நோயாளிகள், 2014-இல் 937. கூட்டினால் 6,190. உலகம் பார்க்கும்படி வைத்தது 3,095 பேருக்கு ஒன்று. குற்றச்சாட்டை மறுக்கவும் தரவு வேண்டுமே!

ஏன் வாசிக்க வேண்டும்? இன்ஃப்ளூயன்ஸா ஏ வைரஸின் மரபணு 8 துண்டுகள். மொத்தம் சுமார் 13,500 எழுத்துகள். நம் உடலின் நோயெதிர்ப்பு அடையாளம் காண்பது அதன் மேற்பரப்பில் உள்ள ஹெச் புரதத்தை. அந்தத் துண்டு மட்டும் சுமார் 1,700 எழுத்து. ஹெச்3என்2 என்ற இன்னொரு வகையில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரத்துக்கு நான்கு வீதம் மாறுகிறது என்று கொண்டால், 7 எழுத்து. ஆண்டுக்கு ஏழுதானா என்று தோன்றும். அந்த ஏழுதான் தடுப்பூசியைப் பழசாக்குகிறது. 2010-11 முதல் 2016-17 வரை ஏழு பருவங்களில் ஹெச்1என்1-க்கு ஒரே ‘கலிஃபோர்னியா 2009’ மாதிரி போதுமானதாக இருந்தது. அதே காலத்தில் ஹெச்3என்2 மாதிரியை நான்கு முறை மாற்ற வேண்டியிருந்தது.

மருந்துக் கணக்கு இன்னும் துல்லியமானது. ஃப்ளூவுக்குத் தரும் ஓசல்டாமிவிர் 75 மில்லிகிராம், நாளுக்கு 2, ஐந்து நாள், மொத்தம் 10 மாத்திரை. வைரஸின் ‘என்’ (நியூராமினிடேஸ்) புரதத்தின் 275-ஆம் இடத்தில் ஒரே ஒரு எழுத்து மாறினால் அந்தப் பத்தும் ஹெச்1என்1-க்கு எதிராகப் பெரிதும் வலுவிழக்கும். 13,500-இல் ஒன்று. வழக்கமான பி.சி.ஆர். பரிசோதனை ‘பாசிட்டிவ்’ என்று மட்டும் சொல்லும். இந்த மாற்றம் அதில் தெரியாது.

இனி நம் சுரங்க ஊரான நெய்வேலிக்கு வருவோம். 2009 முதல் 2013 வரை நாட்டின் பல ஊர்களில் நடந்த கண்காணிப்பில், டெல்லி, புனே, கொல்கத்தாவில் ஃப்ளூ உச்சம் தொட்டது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில். ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை. சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பரில். வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும், நெய்வேலி இருக்கும் கடலூர் மாவட்டமும் இந்தக் கடைசி வரிசையில்தான் வரும். நமக்கு அது டெங்கு மாதமும்கூட. காய்ச்சல் என்று போனால் முதலில் டெங்கு டெஸ்ட். அது நெகட்டிவ் என்றால் பலர் அதோடு வீடு திரும்பிவிடுகிறார்கள்.

ஒப்பந்தத் தொழிலாளி அதற்குக்கூட வருவதில்லை. ஒரு ஷிப்ட் போனால் ஒரு நாள் கூலி போச்சு. மருந்துக் கடையில் ‘காய்ச்சலுக்கு ஒரு செட்’ வாங்கிப் போட்டுக்கொண்டு சுரங்கத்துக்குப் போவார். முடியாமல் ஐந்தாம் நாள், ஆறாம் நாள் வருவார். வைரஸ் அதிகம் இருப்பது முதல் மூன்று நாளில். பி.சி.ஆர். கருவி எத்தனை சுற்றில் வைரஸைக் கண்டது என்பதைச் சொல்லும் சி.டி. எண் 30-க்குள் இருந்தால்தான் மரபணுவை ஓரளவு நன்றாக வாசிக்க முடியும். தாமதமாக எடுத்த மாதிரி நோயை உறுதிசெய்தாலும் வாசிக்கப் பெரும்பாலும் உதவாது. மூக்கில் விட்டு எடுத்த குச்சியை வைரஸைக் கெடாமல் வைக்கும் வி.டி.எம். திரவக் குப்பியில் ஒடித்துப் போட்டு, மூடி, பெயரும் தேதியும் எழுதி, 2 முதல் 8 டிகிரி குளிரில் 72 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். தாண்டினால் மைனஸ் 70. ஐஸ் பெட்டியில் ஐஸ் உருகினால் அந்த மாதிரியும் போச்சு.

ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஐந்தாறு கனமீட்டர் மேல்மண்ணை அள்ளிக் கொட்டும் ஊர் இது. மரபணு வாசிப்பும் அப்படித்தான். நிறைய அள்ளினால்தான் கொஞ்சம் தேறும். நெய்வேலி அளவுள்ள ஊரின் பொது மருத்துவமனை ஒன்று வாரம் 10 காய்ச்சல் மாதிரி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 520. பத்தில் ஒன்று ஃப்ளூ என்றால் 52. அதில் பாதி வாசிக்கத் தேறினால் 26. இது என் உத்தேசக் கணக்குதான். ஆனாலும் ஓர் ஊரிலிருந்து ஆண்டுக்கு 26!

செலவு? தேனாம்பேட்டை பொதுச் சுகாதார இயக்குநரகத்தில் 2021 செப்டம்பரில் திறந்த முழு மரபணு ஆய்வகத்துக்குச் சுமார் 4 கோடி ரூபாய் ஆனது. நெய்வேலி புதிய அனல் மின் நிலையத்தின் 500 மெகாவாட் அலகு ஒன்று முழுத் திறனில் ஓடினால் நாளுக்கு 1 கோடியே 20 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு 3 ரூபாய் 33 காசு வைத்தால், ஒரே நாளில் 4 கோடி. ஆய்வகம் இருக்கிறது. கிண்டி கிங் நிலையமும் புதுச்சேரி ஜிப்மரும் இருக்கின்றன. ஆக, குறைவது கட்டடமோ கருவியோ அல்ல. சரியான நாளில் எடுத்த மாதிரி.

அதிலும் தேதி முக்கியம். உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசி மாதிரிகளை முடிவுசெய்வது வடகோளத்துக்குப் பிப்ரவரியில், தென்கோளத்துக்குச் செப்டம்பரில். அக்டோபர், நவம்பரில் தமிழ்நாட்டில் சுற்றும் வைரஸ் பிப்ரவரிக் கூட்டத்தில் பேசப்பட வேண்டுமானால், அதன் வரிசை ஜனவரிக்குள் தரவுத்தளத்தில் ஏறியிருக்க வேண்டும். மார்ச்சில் ஏறினால் அடுத்த கூட்டத்துக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதுதான்.

ஒரு தடுப்பூசியில் வகைக்கு 15 மைக்ரோகிராம் வீதம் மூன்று வகைக்கு 45 மைக்ரோகிராம் ஹெச் புரதம். உடல் எதிர்ப்பாற்றலைத் திரட்ட சுமார் இரண்டு வாரம் ஆகும். 65 வயது தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் தீபாவளி வரை தள்ளாமல் ஆயுத பூஜைக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. போடுமுன் பெட்டியில் எந்தப் பருவத்துக்கான ஊசி என்று பாருங்கள். மழைக்காலத்தில் காய்ச்சலோடு வருபவரின் மாதிரியை மருத்துவர்கள் முதல் மூன்று நாளுக்குள் அனுப்ப வேண்டும். மாநில அரசு ஆண்டறிக்கையில் நோயாளிகள், இறப்பு என்ற இரண்டு பத்திகளோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும்: வாசித்த மரபணு எத்தனை, எந்த மாவட்டத்திலிருந்து எத்தனை.