ஒல்லி ஓநாய்தான் மூத்தது

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா வட்டாரத் துணிக்கடை வரிசையில் ஓநாய்ப் படம் போட்ட டீ-சட்டை ஒன்று தொங்கினால், கிட்டே போகாமலே அந்த ஓநாயை வர்ணித்துவிடலாம். கழுத்தைச் சுற்றி அடர்ந்த சாம்பல் மயிர், மஞ்சள் கண், பின்னால் பனி மூடிய ஊசியிலைக் காடு. அது வட அமெரிக்காவின் வடமேற்கு ஓநாய். திரைப்படங்கள் அதையே காட்டிக் காட்டி, ஓநாய் என்றாலே அதுதான் என்று நம் மனத்தில் பதித்துவிட்டன. இந்தியாவின் வறண்ட புல்வெளிகளிலும் புதர்க்காடுகளிலும் திரியும் ஓநாயைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினால், தெருநாய் என்று விரட்டிவிடுவார்கள்.

அந்த அளவுக்கு ஒல்லி அது. எடை 17 முதல் 25 கிலோ. அலாஸ்கா, மேற்குக் கனடா பக்கத்து ஆண் ஓநாய் சாதாரணமாகவே 45 கிலோவைத் தாண்டும். 1939இல் அலாஸ்காவில் பிடிபட்ட ஒன்று 79 கிலோ இருந்தது. ஆனாலும் இரண்டும் சாம்பல் ஓநாய் என்ற ஒரே இனத்தைச் சேர்ந்தவை. துணையினம்தான் வேறு.

இந்த வேறுபாட்டில் பெரும்பங்கு தட்பவெப்பத்துக்கு உண்டு. குளிர்ப் பகுதி விலங்குகளுக்கு உடல் பெரிதாக இருக்கும் என்று 1847இல் ஜெர்மானியர் பெர்க்மன் சொன்னார். பெரிய உடலிலிருந்து சூடு மெதுவாகத்தான் வெளியேறும். காது, மூக்கு, கால் போன்று வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை குளிரில் குட்டையாகும் என்று 1877இல் அமெரிக்கர் ஆலன் சேர்த்துச் சொன்னார். ஓநாயின் காதைப் பார்த்தாலே இது விளங்கும். கனடாவின் வடகோடியிலும் கிரீன்லாந்திலும் வாழும் வெள்ளை ஆர்க்டிக் ஓநாய்க்குக் காது சின்னது, மூஞ்சி குட்டை, பாதத்தின் அடியிலும் மயிர். இந்திய ஓநாய்க்கோ உடலுக்குச் சற்று மிஞ்சிய காது, நீண்ட கால், கோடையில் அடிமயிரே இல்லாத மெல்லிய மணல்நிறப் போர்வை. அரேபியப் பாலைவன ஓநாய் சராசரியாகச் சுமார் 20 கிலோதான்.

ஆனால் குளிரை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். ஆர்க்டிக் ஓநாய் இன்னும் வடக்கே வாழ்ந்தும் வடமேற்கு ஓநாயைவிடச் சிறியது. வடமேற்கு ஓநாய்க்குக் காட்டெருமையும் மூஸ் மானும் இரை. இந்திய ஓநாய்க்கு வெளிமான், முயல், கிடைத்தால் ஆடு. வயிற்றுக்குக் கிடைப்பதும் உடம்பைத் தீர்மானிக்கிறது.

நிறத்தை நம்பவே கூடாது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில், 1995, 1996 ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று அங்கே கிட்டத்தட்ட பாதி கறுப்பு. ஒரே ஈற்றில் கறுப்புக் குட்டியும் சாம்பல் குட்டியும் பிறக்கின்றன. அந்தக் கறுப்பு நிற மரபணு வெகுகாலம் முன்பு வீட்டு நாய்களோடு கலந்ததால் வந்தது என்று 2009இல் கண்டறிந்தார்கள்.

பெயர் வைப்பதிலும் குழப்பம்தான். மண்டையோட்டை அளந்து அளந்து, வட அமெரிக்காவில் மட்டும் 23 துணையினம் என்றார் விலங்கியலாளர் கோல்ட்மன், 1944இல். 1995இல் மண்டையோடுகளை மறுபடி ஒப்பிட்ட நோவாக் ஐந்தே போதும் என்றார். சிலவற்றைச் சரிபார்க்க இப்போது உயிருள்ள விலங்கே இல்லை. தோள் உயரம் சுமார் 55 சென்டிமீட்டரே இருந்த ஜப்பானிய ஓநாயின் கடைசிச் சான்று, 1905இல் நாரா மாநிலத்தில் கிடைத்த ஒன்று.

சைக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1831இல் விவரித்த இந்திய ஓநாய்க்கு மட்டும் மரபணு ஆய்வு மதிப்பைக் கூட்டியது. உலகில் இன்று உயிரோடிருக்கும் ஓநாய் வம்சங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது என்று 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. டீ-சட்டை ஓநாய் அதற்கு வெகு பிந்தியது. இந்தப் பழைய வம்சத்தில் எஞ்சியிருப்பது மூவாயிரத்துச் சொச்சம். இந்தியப் புலிகளைவிடக் குறைவு. புலிக்குக் காடு ஒதுக்கினார்கள். ஓநாய் வாழும் புல்வெளி அரசுக் கணக்கில் தரிசு நிலமாகிவிட்டது.

மலேசியக் காட்டில் ஓநாய் கிடையாது. தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் கூட்டமாக வேட்டையாடுவது செந்நாய். நாய்க் குடும்பம்தான், ஆனால் வேறு பேரினம். வாயைத் திறந்து எண்ணினால் தெரிந்துவிடும்: ஓநாய்க்கு 42 பல், செந்நாய்க்கு 40. கீழ்த்தாடையில் பக்கத்துக்கு ஒரு கடைவாய்ப்பல் குறைவு. ஓநாய்போல் ஊளையிடாமல், சீழ்க்கை அடித்துத்தான் கூட்டத்தைக் கூப்பிடும். குளிர்ப் பகுதிச் செந்நாய்க்கு மயிர் நீளம், அடர்த்தி. இங்குள்ளதற்குக் குட்டை மயிர், செக்கச் சிவந்த நிறம். இதைக் கொண்டு செந்நாய்க்கும் பத்துக்கு மேல் துணையினப் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். 2005இல் மரபணுவைப் பார்த்தபோது அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை.